ஆறு நாள் நாக்கில் படாத வைன்

சிவமலர் அக்காவைப் பற்றி நம்மவர்களிடம் கேட்டால், "அந்தச் சாராயக்காரியோ" என்று ஒரு சிரிப்போடுதான் தொடங்குவார்கள். டோர்ட்மண்டில் ஒரு கல்யாண வீட்டில் அப்படிச் சொன்ன ஒருவரோடு நான் கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறேன். அதைச் சொல்லும்போது அவர் கையில் விஸ்கி கிளாஸ் இருந்தது. அக்காவோ தன் வாழ்நாளில் ஒரு கிளாஸ் வைனை முழுதாக விழுங்கியதில்லை. வாயில் எடுப்பார், கன்னத்துக்குக் கன்னம் உருட்டுவார், வாளியில் துப்புவார். அவருடைய தொழிலுக்கு அவ்வளவுதான் தேவை.

என் பெயர் ஆனந்தராசா. ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். தொண்ணூறாம் ஆண்டில், ஜெர்மனியின் டௌபர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த அகதி முகாமில், நானும் அக்காவும் அவருடைய கணவர் சிற்றம்பலம் அண்ணையும் ஒரே குசினியில் சமைத்தவர்கள். அந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இருப்பவர்கள் இன்றைக்கும் அக்காவைக் கண்டால் நின்று வணக்கம் சொல்லுகிற மனிதர்கள்.

அப்போது எங்களுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. இலையுதிர்காலத்தில் திராட்சை வெட்ட மட்டும் சில கிழமை விட்டார்கள். அண்ணைக்கும் எனக்கும் முதுகு நொந்ததுதான் மிச்சம். அக்கா மட்டும் ஹெஃப்னர் என்ற கிழவருடைய சரிவில், மற்றவர்கள் ஒதுக்கி விட்டுப் போன கடைசி வரிசைகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். அந்த வரிசைகளில் இருந்தது டௌபர்ஷ்வார்ட்ஸ் என்ற திராட்சைச் சாதி, அந்தப் பள்ளத்தாக்குக்கே உரியது. ஒரு காலத்தில் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு ஏதோ ஒரு பழைய தோட்டத்தில் சில நூறு கொடிகள் மிஞ்சிக் கிடக்கக் கண்டுபிடித்தார்களாம். பழத்தின் தோல் அவ்வளவு மெல்லிசு, நகம் பட்டாலே கிழியும். இரண்டு நாள் மழை சேர்ந்து பெய்தால் குலை நடுவிலிருந்து அழுகத் தொடங்கும். அழுகாமல் தப்பினாலும் வைன் வெளிறிய சிவப்பாகத்தான் வரும். இத்தனை வில்லங்கத்தையும் எதற்குக் கட்டி அழுகிறீர்கள் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"ஒவ்வொரு வருசமும் வேற கதை சொல்லுது, ராசா. மற்றதெல்லாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும்" என்பார்.

ஒருமுறை உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருத்தி வந்து, அகதிப் பெண்ணும் கைவிடப்பட்ட கொடியும் என்று உருகி உருகி எழுதிவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கொடி இந்த ஊருடையது. வந்தவர்கள் நாங்கள். அதற்கு யாருடைய உருக்கமும் தேவையில்லை, காய்ந்த ஒரு செப்டம்பர் மாதம்தான் தேவை.

அக்கா நாற்பது வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து, மூன்று ஆண்டு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்புப் படித்து வைன் செய்கிறவராகப் பட்டம் வாங்கினார். பரீட்சையில் துப்பாமல் விழுங்கிய பிள்ளைகள் கடைசியில் தள்ளாடினார்களாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிறகு ஹெஃப்னர் கிழவரிடம் அந்தச் சரிவைக் குத்தகைக்கு எடுத்தார். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, முழுவதும் டௌபர்ஷ்வார்ட்ஸ். கிழவருடைய களஞ்சியத்தின் கீழே இருந்த நிலவறையும், வாய் அகன்ற ஒரு மரத்தொட்டியும் அதோடு சேர்ந்து வந்தன. பிள்ளைகள் இல்லாத அவர்கள் வீட்டில் எல்லாக் கதையும் அந்தத் தொட்டியைச் சுற்றித்தான் நடக்கும்.

கிழவர் இறந்த பிறகு நிலம் மகளுக்கு வந்தது. வூர்ட்ஸ்புர்க்கில் பல்வைத்தியர். கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் ஒரு கெட்டவர் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவருடைய காலத்தில் மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துப் போயின. முதலாம் ஆண்டு தளிர் விட்ட பிறகு பனி கருக்கியது. அடுத்த ஆண்டு ஆலங்கட்டி மழை. மூன்றாம் ஆண்டு அழுகல். ஒரு போத்தல்கூட வரவில்லை.

நாலாம் ஆண்டு வசந்தத்தில் ஹெஃப்னரின் மகள் வந்து, சரிவின் கல்வரிசை ஒன்றில் அக்காவோடு உட்கார்ந்து சொன்னார்: "உங்கள் உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மார்ட்டின் நாளில் வருகிறேன். தொட்டியில் நல்ல வைன் இருந்தால் இன்னும் பத்து ஆண்டுக்குக் கையெழுத்து வைக்கிறேன். இல்லாவிட்டால் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, நோய் தாங்குகிற புதுச் சாதி வைக்க ஒருவர் கேட்கிறார். அவருக்குக் கொடுத்துவிடுவேன்."

மார்ட்டின் நாள் என்பது நவம்பர் பதினொன்று. அந்தப் பக்கங்களில் குத்தகை முடிவதும் தொடங்குவதும் பழைய நாளிலிருந்தே அன்றைக்குத்தான்.

அந்த ஆண்டு மழை நிற்கவேயில்லை. ஜூனில் இலையில் நோய், ஜூலையில் குலையில் நோய். அண்ணைக்கு வசந்தத்தில் கொரோனா வந்து போய், மூக்கில் மணமே இல்லாமல் போயிருந்தது. மருந்தடித்துவிட்டு வந்து, "நாறுதோ மலர், எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று தன் சட்டையை அக்காவிடம் நீட்டுவார். நாக்கு மட்டும் திரும்பி வந்திருந்தது. செப்டம்பர் நடுவில் நான் போனபோது, அக்கா வரிசைக்கு நடுவில் சேற்றில் முழங்காலில் நின்றார். கையில் ஒரு குலை. அதன் நடுவில் நாலைந்து பழத்தில் சாம்பல் பூத்திருந்தது.

"முருகா, பத்து நாள் காய விடு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "சஷ்டி ஆறு நாளும் உன்ர வாசல்லை வந்து கிடக்கிறன். ஒரு சொட்டு நாக்கில படாது."

அக்கா அதிகம் கோயில் குளம் என்று திரிகிறவர் இல்லை. அதனால் எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று எழும்பியது. பதினொரு நாள் அடித்தது. முருகன் விட்டாரா, காற்று தானாக வந்ததா, நான் விசாரிக்கப் போகவில்லை.

ஒக்டோபர் நடுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வெட்டினோம். வெட்டினோம் என்பதைவிடப் பொறுக்கினோம் என்று சொல்லலாம். ஒவ்வொரு குலையையும் விரித்து, கெட்ட பழத்தை விரல் நுனியால் கிள்ளி எறிந்த பிறகுதான் கூடையில் போட விட்டார். ஒரே ஒரு தொட்டி நிறைந்தது. அக்கா விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணை பக்கத்தில் நின்று, "வந்திட்டுது தானே, வந்திட்டுது தானே" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்.

சிவப்பு வைன் தோலோடு கிடந்துதான் நொதிக்கும். தோலெல்லாம் மேலே மிதந்து கட்டிக்கொள்ளும். அதை ஒரு நாளைக்கு மூன்று தரம் கட்டையால் கீழே அமத்த வேண்டும். சஷ்டி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே நொதிப்பு அடங்கிவிட்டது. அப்போதே பிழிந்து பீப்பாயில் விட்டிருக்கலாம். ஆனால் நிறம் வரவில்லை. வெளிறிக் கிடந்தது. இன்னும் ஒரு கிழமை தோலோடு விட்டால் நிறம் ஏறும் என்று அக்கா கணக்குப் போட்டார். அப்படி விடுவதில் ஒரு ஆபத்து உண்டு. காற்றுப் பட்டால் புளித்து வினாகிரியாகப் போய்விடும். அது தொடங்குகிற அன்றைக்கே பிடித்துப் பிழிந்துவிட்டால் தப்பலாம். அது தொடங்கிவிட்டதா என்று எந்தக் கருவியும் அந்த நிலவறையில் சொல்லாது. மூக்கு சொல்லும், நாக்கு சொல்லும்.

கோயிலுக்குப் புறப்பட்ட காலை அண்ணைக்கு அக்கா சொன்னது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. நான்தான் காரோடு வாசலில் நின்றேன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விரதம் இல்லை. நான் வேணுமெண்டுதான் உங்களைப் பிடிக்க விடேல்லை. ஒவ்வொரு நாளும் காலமை ஒரு கரண்டி எடுத்து நாக்கில வையுங்கோ. கன்னத்தில சுள்ளெண்டு ஏறினா உடன எனக்கு ஃபோன் அடியுங்கோ. நான் ராசாவை அனுப்பி அண்டைக்கே பிழிவிக்கிறன்."

"ஓம் ஓம், வைக்கிறன். நீர் பயப்பிடாமல் போம்."

"துப்புங்கோ, விழுங்காதேங்கோ."

"எனக்குத் தெரியாதே?" என்று அண்ணை சிரித்தார்.

ஆறு நாளைக்கு ஆறு பெட்டியில் சோறும் கறியும் குளிரூட்டியில் வைத்துவிட்டு அக்கா ஏறினார். நாலு மணித்தியாலம் ஓடி, ரூர் பக்கத்து முருகன் கோயில் ஒன்றில் கொண்டுபோய் விட்டேன்.

பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். ஒவ்வொரு நாள் காலையும், செருப்பு வைக்கிற இடத்தில் நின்று அண்ணைக்குத் தொலைபேசி எடுப்பாராம்.

"நாக்கில வைச்சனீங்களோ?"

"வைச்சனான்."

"எப்பிடி?"

"செர்ரிப் பழம் மாதிரி. பின்னால கொஞ்சம் மிளகு."

நாலாம் நாள் அண்ணை இன்னும் ஒரு படி மேலே போய், "முந்தநாளையைவிட உருண்டு வந்திருக்கு" என்றாராம். அன்றைக்கு அக்கா எனக்கும் தொலைபேசி எடுத்தார். பசியில் குரல் மெலிந்திருந்தது, ஆனால் சந்தோசம். "முப்பது வருசம் பக்கத்தில நிண்டதுக்கு, இப்பதான் ராசா மனுசன் ருசி பழகியிருக்கு" என்றார்.

சூரன்போர் முடிந்து மறுநாள், நவம்பர் பத்தாம் திகதி விடிய, கோயிலில் விரதம் முடிக்கிற பாறணை. அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் கதைத்தார். அடுத்த ஆண்டு எந்த வரிசையில் எத்தனை கொடி புதிதாக வைப்பது என்று விரல் மடித்தார். மடியில் அண்ணைக்கென்று பிரசாதம் கட்டிய பெட்டி. களஞ்சிய வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். அக்கா ஒரு காலை வெளியே வைத்தவர், அப்படியே நின்றார். எனக்கும் மணந்தது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணியின் மணம். வைன் புளித்துப்போனால் அப்படித்தான் மணக்கும்.

படியில் இறங்கினார் என்று சொல்லமுடியாது, விழுந்தடித்துப் போனார். நான் பின்னால் போனேன். தொட்டியின் மூடியைத் தூக்கியதும் சின்ன ஈக்கள் எழும்பின. அண்ணை கட்டையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். நல்ல வேளைக்கு வந்தீர்கள் என்பது போல முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. அக்கா விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். இன்னொரு தரம் வைத்தார்.

"இது மூண்டு நாலு நாளுக்கு முந்தித் தொடங்கினது" என்றார்.

"நான் ஒரு நாளும் தவறேல்லை மலர். மூண்டு தரம் அமத்தினனான்."

"அது நான் கேக்கேல்லை. நாக்கில வைச்சனீங்களோ?"

அப்போதுதான் நான் அண்ணையை வடிவாகப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை.

"நானும் பிடிச்சனான்" என்றார் அண்ணை. "நீர் வெளிக்கிட்ட உடன யோசிச்சன். ஒராள் கேட்டுப் பத்து நாள் தந்தவர், ரெண்டு பேராக் கேட்டா இந்தக் கையெழுத்தையும் தருவார் எண்டு. விரதத்தில எப்பிடி மலர் நாக்கில வைக்கிறது? துப்பினாலும் பட்டது பட்டதுதானே, நீர்தானே சொன்னனீர்."

"அப்ப செர்ரி எண்டது? மிளகு எண்டது?"

"போன முறை நல்லா வந்த வருசம் நீர் சொன்னது. எனக்குப் பாடம்."

நான் அண்ணையின் சட்டையைப் பிடித்து உலுப்பியிருப்பேன். உண்மையாகவே கை எழும்பியது. அக்கா என்னைத் தாண்டிப் போய் அவர் கையிலிருந்த கட்டையை வாங்கி மூலையில் சாத்தினார்.

"இன்னும் சாப்பிடேல்லையோ?"

"நீர் வந்த பிறகு பாறணை பண்ணுவம் எண்டு இருந்தனான்."

மேலே அவர்கள் வீட்டுக் குசினியில், குளிரூட்டிக்குள் ஆறு பெட்டியும் வைத்தபடியே இருந்தன. அக்கா பிரசாதத்தை ஒரு கோப்பையில் போட்டு, தண்ணி வார்த்து, அண்ணையை இருத்திச் சாப்பிட வைத்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அந்த வீட்டில் மூச்சு விடக்கூடியதாக இருந்திருக்கும்.

பின்னேரம் முழுக்க அக்கா தெரிந்த எல்லாருக்கும் தொலைபேசி எடுத்தார். படிப்பித்த ஆசிரியருக்கு, ஆய்வுகூடத்துக்கு, பக்கத்து ஊர் வைன்காரர்களுக்கு. எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். இதற்கு மேல் புளிக்காமல் நிறுத்தலாம், புளித்ததை எடுக்க முடியாது. கடைசி அழைப்பை வைத்த பிறகு நான் என் யோசனையைச் சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அக்கா, கீழ்த்தெரு வைன்காரரிட்ட ஸ்பேட்புர்குண்டர் எண்ட சிவப்பு வைன் கிடக்கு. ரெண்டு வாளி வாங்கி வாறன். நாளைக்கு வாற மனுசிக்கு அதைக் குடுப்பம். ஒரு வாய்தானே."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கொடியை வைச்சிருக்கிறதுக்கு வேற கொடியின்ர ரசத்தைக் காட்டிறதோ? ஏலாது ராசா."

மார்ட்டின் நாள் பதினொரு மணிக்கு ஹெஃப்னரின் மகள் வந்தார். கையில் ஒப்பந்தத் தாள்கள், பேனா. கையெழுத்து வைக்கிற எண்ணத்தோடுதான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். நிலவறைப் படியில் பாதி இறங்கியதும் அவருடைய முகம் மாறியது. இருந்தும் ஒரு கிளாஸில் வாங்கி வாயில் வைத்தார். துப்பிவிட்டு, கிளாஸை மெல்லத் தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

"எப்படி நடந்தது?"

"நான் ஊரில் இல்லை" என்றார் அக்கா ஜெர்மனில்.

"எங்கே இருந்தீர்கள்?"

"கோயிலில். ஆறு நாள்."

"தொட்டி தோலோடு கிடக்க, நீங்கள் ஆறு நாள் பிரார்த்தனைக்குப் போனீர்களா?" அவர் குரலை உயர்த்தவில்லை. நம்பமுடியாமல்தான் கேட்டார். "என் அப்பா தன் தாயின் செத்தவீட்டுக்குக்கூட அமத்திவிட்டுத்தான் போனார், சிவமலர்."

அண்ணைக்கு ஜெர்மன் நன்றாக விளங்கும். அவர் முன்னுக்கு வந்து, "அம்மணி, அது..." என்று தொடங்கினார்.

"நீங்கள் பேசாமல் நில்லுங்கோ" என்றார் அக்கா தமிழில். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "என் பிழை" என்றார். "வேறு ஒருவருடைய பிழையும் இல்லை."

மூன்று ஆண்டு பனியையும் ஆலங்கட்டியையும் அழுகலையும் பொறுத்த அந்த மனுசிக்கு, இதைப் பொறுக்க முடியவில்லை. பொறுத்திருக்கவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். தாள்களை மடித்துப் பையில் வைத்தார். போகும்போது அக்காவின் தோளில் கையை வைத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

பெப்ரவரியில் கொடிகளைப் பிடுங்கினார்கள். கம்பியை வெட்டி, உழவு இயந்திரத்தில் சங்கிலி போட்டு இழுக்க, வேர் உடைகிற சத்தம் கீழே தெருவரை கேட்டது. இரண்டு நாள்தான் வேலை. அக்கா கல்வரிசையில் நின்று இரண்டு நாளும் பார்த்தார். ஒரு கட்டுத் தடியாவது வெட்டி எடுத்து வைப்போம் என்று நான் கெஞ்சினேன். "எங்க நடுகிறது ராசா, முகட்டிலயோ?" என்றார். அவ்வளவுதான். இப்போது ஒரு பூக்கன்றுப் பண்ணையில் கன்று பொதி செய்கிறார். யாராவது வைன் பற்றிக் கேட்டால் கேளாதவர் போல வேறு பக்கம் பார்க்கிறார்.

அண்ணை அந்தத் தொட்டியில் இருந்து ஒரு போத்தல் நிரப்பி வைத்திருந்தார். எனக்கு அது தெரியாது. அடுத்த ஆண்டு சஷ்டி தொடங்குகிற நாள் காலை, கடைச் சாமான் கொஞ்சம் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை குசினி மேசையில் இருந்தார். முன்னால் அந்தப் போத்தல், ஒரு கரண்டி, ஒரு வாளி. அரைக் கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணி வந்தது. கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, வாளியில் துப்பினார்.

"ஒவ்வொரு நாளும் இதுதான்" என்றார் அக்கா என்னிடம், அடுப்பைப் பார்த்தபடி. "போன மார்ட்டினில இருந்து. சொன்னாலும் கேக்கிறாரில்லை."

அண்ணை வாயைத் துடைத்துக்கொண்டு, "இண்டைக்குச் சஷ்டி தொடங்குது, மலர்" என்றார். "பிடிப்பமோ?"

அக்கா சுடச்சுட இடியப்பமும் சொதியும் போட்டு, கோப்பையை அவர் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்கோ. இனி அவரிட்டக் கேக்கிறதுக்கு எங்களிட்ட ஒண்டுமில்லை."